குறியீடு இல்லாத வயல்

ஜனவரி 11

பட்டினியால் மெலிந்த மிருகத்தையும் வயதாகி மெலிந்த மிருகத்தையும் பார்த்த மாத்திரத்தில் எப்படிப் பிரித்தறிவது? எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க யோசித்தும் தெரியவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபது வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு தடவை பார்த்ததை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்று பிள்ளைகளிடம் சலிக்காமல் சொன்னவள். ஆகவே இப்போதைக்குப் பார்த்ததை மட்டும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வரிசையில் கடைசி வீடு நோரீனுடையது. எழுபது தாண்டியவர், தனியாக இருக்கிறார். ஆகஸ்டில் நான் இந்த ஊருக்கு வந்த மறுநாளே கேக் செய்து கொண்டுவந்தவர். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்கிறார். எனக்கு வாய் வரவில்லை, அதனால் எப்படியும் கூப்பிடாமல் நேராகப் பேச்சைத் தொடங்கிவிடுகிறேன். அவர் வீட்டுப் பின்மதிலை ஒட்டி ஒரு வயல் இருக்கிறது. அயர்லாந்தில் வயல் என்றால் நெல்லோ வாழையோ இல்லை, வேலி போட்ட புல்தரை. இந்த மழையில் அதுவும் சேறாகிக் கிடக்கிறது. அதில் இரண்டு மட்டக்குதிரைகள், இரண்டு கழுதைகள். குதிரைகளில் ஒன்று கருப்பு, மற்றது சேறு அப்பி எந்த நிறமென்றே தெரியவில்லை. கழுதைகள் இரண்டும் சாம்பல். சின்னது பெரியதை விட்டு நகர்வதே இல்லை. பெரியதன் இடுப்பெலும்பு அவ்வளவு அடர்ந்த முடியையும் மீறித் துருத்துகிறது. குளம்புகள் நீண்டு, நுனி மேல்நோக்கி வளைந்து, கல்யாண மாப்பிள்ளையின் ஜரிகைச் செருப்பு மாதிரி இருக்கின்றன. இந்த நாட்டு இனம் அப்படிப் போலிருக்கிறது.

சாயங்காலம் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துவந்தபோது நோரீனிடம் கேட்டேன்.

"பின்னாடி நிக்கிற கழுதைங்க யாரோடது?"

"அதுவா? அது பாட்டுக்கு அங்க நிக்குது, கண்ணு. இன்னும் மழை வரும்போல இருக்கே!"

இங்கே எல்லோரும் பேசுவது ஆங்கிலம்தான். என் காதில் நம் பேச்சாக விழுவதை அப்படியே எழுதுகிறேன். அவர் 'பெட்' என்பார். அதற்குக் 'கண்ணு'தான் சரி.

பதில் சொல்லாமல் மழைக்குத் தாவிவிட்டார்.

ஜனவரி 12

மழை. துணி காயவில்லை.

ஜனவரி 15

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. இவர் அங்கே நர்ஸ். முதலில் டெல்லி, பிறகு சவூதி, பிறகு இங்கே. கல்யாணமாகி இருபத்துமூன்று வருடத்தில், லீவு நாட்களைத் தவிர, நாங்கள் ஒரே வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை. மகன் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இருவரும் ஒருவரிடம் ஒருவர் மிக மரியாதையாக நடந்துகொள்கிறோம், லாட்ஜில் பக்கத்துப் பக்கத்து அறைக்காரர்கள் மாதிரி. எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

சாப்பிடும்போது வழக்கம்போலக் கேட்டார். "இன்னைக்கு என்ன செஞ்ச, ஹெப்சி?"

"நடந்துட்டு வந்தேன். நோரீன் வீட்டுக்குப் பின்னாடி நிக்கிற கழுதைங்களப் பாத்தேன்."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "நாலும் நிக்கா?"

"நிக்கி. ஒண்ணு ரொம்ப மெலிஞ்சு கிடக்கு."

"ம்." கொஞ்சம் பொறுத்து, "ரசம் நல்லாருக்கு" என்றார்.

ஜனவரி 19

நான் நினைத்தது தப்பு. இனம் அல்ல.

ஊரில் சலவைக்காரர்களின் கழுதைகளுக்குத் தார்ரோட்டிலும் கல்லிலும் நடந்தே குளம்பு தேய்ந்துவிடும். அதனால்தான் வளர்ந்த குளம்பை நான் பார்த்ததே இல்லை. இங்கே ஈரப் புல்லில் தேயாது. அவ்வப்போது ஆள் வைத்து வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் வளைந்து, கால் மடங்கி, ஒவ்வோர் அடிக்கும் வலி. மதியம் முழுக்க இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு போய்ப் பார்த்தேன். பெரிய கழுதை எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி மாற்றி நிற்கிறது. இதுநாள்வரை அது குளிரில் அப்படிச் செய்வதாக நினைத்தேன்.

இன்னும் சில வாரம் பார்த்துவிட்டுத்தான் எதுவும் செய்வது என்றிருந்தேன். முடியவில்லை. விலங்குநல அமைப்பு ஒன்றுக்கு போன் செய்தேன். பேசியவர் இளவயதுக்காரர், பொறுமையானவர்.

"இடத்தோட குறியீடு சொல்லுங்க, மேடம்."

இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி அஞ்சல் குறியீடு உண்டு. தெருப் பெயர், அடையாளம் எதுவும் வேண்டாம், அதைச் சொன்னால் போதும்.

"அது வயல். வயலுக்குக் குறியீடு கிடையாதே."

"அப்ப ஒட்டினாப்ல இருக்குற வீட்டோடது சொல்லுங்க."

நோரீனுக்கு வந்த பார்சலை ஒரு தடவை நான் வாங்கி வைத்திருந்தேன். குறியீடு நினைவிருந்தது. சொன்னேன்.

"மிருகங்களும் அந்த வீட்டுக்காரங்களோடதா?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

வீட்டின் பின்பக்கம் ஒட்டிக் கிடக்கும் நிலம் அந்த வீட்டுக்காரருடையதாகத்தானே இருக்கும்? எங்கள் பக்கத்தில் எவரும் அப்படித்தான் சொல்வார்கள். கேட்டபோது அவர் மழுப்பியதும் சேர்ந்துகொண்டது. ஆனால் நான் நோரீனின் பெயரைச் சொல்லவில்லை. குறியீடு மட்டும்தான் கொடுத்தேன்.

என் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்வார்களாம். என் உச்சரிப்பை எங்கே வைத்துக்கொள்வார்கள் என்று கேட்க நினைத்தேன். இந்த ஊரில் இப்படிப் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

ஜனவரி 23

காலையில் ஆய்வாளர் வந்தார். உயரமான பெண், சீருடை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். நோரீன் கதவைத் திறந்ததையும், கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். உள்ளே கூப்பிடவில்லை. இங்கே யார் வந்தாலும் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுப்பார்கள்.

ஆய்வாளர் வயலுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது துடைக்க வேண்டிய கண்ணாடிதான்.

ஜனவரி 24

நோரீன் கையசைக்கவில்லை. ஒருவேளை கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

ஜனவரி 27

குப்பைத்தொட்டி எடுக்கும் நாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலில்.

"நல்லாருக்கீங்களா?" என்றேன்.

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்." தொட்டியை நிறுத்தினார். "என் வாசல்ல சீருடை போட்ட ஆளு வந்து நின்னது என் ஆயுசுக்கு இதுதான் முதல் தடவ. தெருவே பாத்துச்சு. நீயும் பாத்த."

என் தொட்டியின் மூடியை அழுத்தி மூடினேன்.

"தினமும் கடைல மிஞ்சின ரொட்டிய வாங்கிட்டு வந்து மதிலுக்கு மேல போட்டவ நான். என் குழாய்லேர்ந்து ஹோஸ் போட்டு வயல்ல இருக்குற தொட்டிக்குத் தண்ணி விட்டவ நான். அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? யாரு தீனி போடுறாங்களோ அவங்கதான் பராமரிக்கிறவங்கன்னு எடுத்துக்குவாங்களாம். வழக்குன்னு வந்தா அவங்க மேலதான் வருமாம். சரி. இனி நான் போடல. போதுமா?"

"அப்ப அது உங்களோடது இல்லையா?"

"என்னோடதுன்னு யாரு சொன்னா உனக்கு?"

"வயல் உங்க வீட்டுக்குப் பின்னாடி..."

"மதில் வரைக்கும்தான் நான். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கைப்பிடி மண்ணு எனக்குச் சொந்தம் இல்ல."

"பின்ன யாரோடது?"

தொட்டியின் சக்கரம் கல்லில் தடதடக்க உள்ளே போய்விட்டார். கண்ணு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

காலையில் அவர் பையோடு கொல்லைப்பக்கம் போவதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன். பறவைகளுக்கு என்று நினைத்தேன்.

ஜனவரி 28

கழுதைக்கு ரொட்டி ஆகாது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. வயிற்றுவலி வரும், கால் வீங்கும். ஆக, நோரீன் செய்ததும் சரியில்லை. இதை எழுதினால் மனம் சமாதானமாகும் என்று நினைத்தேன்.

வயலில் தண்ணீர்த் தொட்டியின் அடியில் பாசி மட்டும் இருக்கிறது.

பிப்ரவரி 2

மறுபடி போன் செய்தேன். அந்த வீட்டுக்காரர் உரிமையாளர் அல்ல, என் தவறு என்றேன். "தெரியும் மேடம்" என்றார்கள். மிருகங்களின் உடம்பில் அடையாளச் சிப் எதுவும் இல்லை. உரிமையாளர் யாரென்று தெரியாமல் எச்சரிக்கை யாருக்குக் கொடுப்பது? மெலிவுக்கு ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். எங்கள் கழுதை தூக்கிக்கொண்டு போகும் அளவுக்குத் தோற்கவில்லையாம்.

"சாகுற நிலைமைல இல்ல மேடம். இத விட மோசமானது எங்ககிட்ட நிறைய இருக்கு. இடமும் இல்ல. தொடர்ந்து கவனிச்சுச் சொல்லுங்க."

சராசரியைப் பற்றி நான் வகுப்பில் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. மோசமானது நிறைய இருந்தால் மோசமானதே சாதாரணமாகிவிடுகிறது.

'எங்கள் கழுதை' என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 5

கடைக்குப் போனேன். கல்லாவில் இருப்பவர் பிரீடா. ஊரில் யார் வீட்டில் எத்தனை முட்டை செலவாகிறது என்றுகூட அவருக்குத் தெரியும். பால் வாங்கிக்கொண்டு, வயல் யாருடையது என்று கேட்டேன்.

"எந்த வயல்?"

சொன்னேன்.

"ஓ, அதுவா." பின்னால் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தார். அவர் ரொட்டியைப் பார்த்தார். "சரியாச் சொல்ல முடியலயே."

"தெரியாதா, சொல்ல முடியாதா?"

"டீச்சரா இருந்தீங்களோ?" என்று சிரித்தார் பிரீடா.

ரொட்டி அடுக்கியவர் திரும்பாமலே சொன்னார். "கழுதைக்கு வக்கீல் வச்சது நம்ம ஊர்ல இதுதான் முதல் தடவ. ஃபீஸ் எவ்வளவுங்க?"

நானும் சிரித்தேன். சிரிக்காமல் வெளியே வர வழியில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவரும் சொல்லப்போவதில்லை. போன் செய்து காட்டிக்கொடுக்கிறவர்களுக்கு இந்த ஊரில் தனியாக ஒரு பெயர் இருக்கிறதாம். அதை என் காதுபடச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நல்லவர்கள்.

பிப்ரவரி 6

கேரட் கொண்டுபோனேன். முழுவதையும் கருப்புக் குதிரையே தின்றது. கழுதைகளை நெருங்கவிடவில்லை.

பிப்ரவரி 8

இரண்டு வாளியில் தண்ணீர் சுமந்தேன். வயல் கதவருகே வைத்துவிட்டு வந்தேன். வேலை முடிந்து வந்தவர் ஈரமான என் செருப்பைப் பார்த்தார்.

"தீனி கீனி போட்டியா?"

"தண்ணி வச்சேன்."

"பாத்துக்கோ, ஹெப்சி. போட்டா நீதான் பொறுப்புன்னு ஆயிரும். கேஸுன்னு வந்தா என் ரெஜிஸ்ட்ரேஷன், விசா எல்லாம் இழுபடும். நீ இருக்கதே என் விசாவுலதான்."

"தெரியும்."

"நான் வேண்டாம்னு சொல்லல. பாத்துக்கோன்னு சொல்லுதேன்." பிறகு, "குடிச்சுதா?" என்றார்.

"எது?"

"பெரிய கழுத."

குடித்தது என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

தண்ணீர் தீனியில் சேருமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. நாளைக்கும் கொண்டுபோவேன்.

பிப்ரவரி 12

இப்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குப் பேச விஷயம் இருக்கிறது. வந்ததும் சட்டைகூட மாற்றாமல் கேட்கிறார், இன்னைக்கு என்ன செஞ்சுதுங்க? சின்னது பக்கத்திலேயே நின்றதா, கருப்புக் குதிரை இன்னும் முரண்டு செய்கிறதா, மழைக்கு முள்வேலி ஓரமாக ஒதுங்கினவா? நான் சொல்வதைக் கண்ணைப் பார்த்துக் கேட்கிறார். நான் பேராசிரியரானபோதுகூட இத்தனை கேள்வி கேட்டதில்லை. அப்போது அவர் சவூதியில் இருந்தார், போன் செலவு அதிகம், அதுவும் உண்மை.

அவருக்குச் சொல்வதற்காகவே கூடுதலாகக் கவனித்துவிட்டு வருகிறேன். இன்று சின்னக் கழுதை பெரியதன் முதுகில் மோவாயை வைத்துக்கொண்டு தூங்கியது. அதைச் சொன்னபோது சிரித்தார். அவர் சிரித்தால் இடது கன்னத்தில் ஒரு கோடு விழுகிறது. இது எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

பிப்ரவரி 16

ஆலங்கட்டி மழை. நான்கும் மதிலோரம் ஒட்டி நின்றன. நோரீன் வீட்டுத் திரை லேசாக விலகி, மூடியது.

பிப்ரவரி 19

பெரிய கழுதை படுத்திருக்கிறது. சேற்றில், பக்கவாட்டில். நான் வாளியோடு போனபோது எழ முயன்றது. முன்கால்களை ஊன்றியது, பின்பக்கம் வரவில்லை. மறுபடி சாய்ந்துவிட்டது. சின்னது அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

போன் செய்தேன். வேறொரு குரல். பக்கத்து மாவட்டத்தில் பெரிய பிரச்சினையாம், எல்லோரும் அங்கே இருக்கிறார்களாம். "நாளைக்கு இல்லாட்டி நாளன்னைக்கு. உரிமையாளர் யாருன்னு தெரிஞ்சா அவங்க சம்மதத்தோட உடனே கால்நடை டாக்டர அனுப்பலாம், மேடம். இல்லன்னா நடைமுறை இருக்கு."

நடைமுறை இருக்கும்வரை கழுதை இருக்குமா என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கும் அதே கஷ்டம்தான் மேடம்" என்றாள் அந்தப் பெண்.

இவரிடம் சொன்னேன். எழவில்லை என்றதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

பிப்ரவரி 20

இவருக்கு இன்று விடுமுறை. காலையில், நான் கேட்காமலே, "நானும் வாரேன்" என்று பூட்ஸை மாட்டினார். இத்தனை நாளில் ஒரு தடவைகூட வயல் பக்கம் வந்ததில்லை.

கதவருகே நின்றோம். கழுதை அப்படியே கிடந்தது. தலையும் தரையில். உயிர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இவர் கதவின் மேல் சாய்ந்து, சன்னமான குரலில், "பெஸ்ஸி" என்றார். மறுபடியும், "பெஸ்ஸி, வாம்மா."

காது அசைந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது. அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வேறு யாரையோ தேடுவதுபோல் பார்த்துவிட்டுத் தலையைக் கீழே போட்டது.

பெயர் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டிவரும். இல்லத்தில் இருப்பவர்களைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் வேலை போகும். வந்த புதிதிலேயே அதை எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் புரிந்துகொண்டேனா என்று பார்த்தார் என்று நினைக்கிறேன்.

'நாலும் நிக்கா' என்று முதல் நாளே கேட்டார். நாலு என்று நான் சொல்லவே இல்லை. தினமும் கேட்ட கேள்விகள் அவருடையவை அல்ல. அங்கே யாரோ ஒருவர் தினமும் அவரைக் கேட்டிருக்கிறார். நான் சொன்னதை இவர் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் குடித்தது, முதுகில் மோவாயை வைத்துத் தூங்கியது, எல்லாம். நல்ல காரியம்தான். ஒரு வயதானவருக்கு அது மருந்து மாதிரி.

ராத்திரிக்குச் சப்பாத்தி. உருளைக்கிழங்கு தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 21

நோரீன் வீட்டுக் கதவைத் தட்டினேன். பாதி திறந்தார்.

"பெஸ்ஸி எழுந்திருக்கல" என்றேன்.

அவர் முகத்தில் என்ன தெரிந்தது என்று எழுத வரவில்லை. "அந்தப் பேர உனக்கு யாரு சொன்னா?"

"நீங்க மதில்கிட்ட நின்னு கூப்பிட்டதக் கேட்டிருக்கேன்."

"நான் அத ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. கூப்பிடவும் மாட்டேன். அது எங்கம்மா பேரு." மூச்சு வாங்கினார். "கழுதைக்கு அம்மா பேர வைக்கிறவன் உலகத்துல ஒருத்தன்தான். வீட்ட எனக்கு எழுதிவச்சுட்டாங்கன்னு கோவம். சந்தைலேர்ந்து அதப் பிடிச்சுட்டு வந்து, என் சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா நின்னு, 'பெஸ்ஸி, பெஸ்ஸி'ன்னு கத்துவான்."

வீடு அக்காவுக்கு, வயல் தம்பிக்கு. மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று பதினோரு வருடமாகப் பேசவில்லை. தம்பியின் பெயர் மேட்டி. ஞாபகமறதி முற்றி, அக்டோபரில் இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள். பாகம் பிரித்த பிறகு பேசாத கூடப்பிறந்தவர்கள் எங்கள் தெருவிலேயே எத்தனை பேர். நிலம் யாருடையது என்று யோசித்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

"உன் வீட்டுக்காரர் அங்கதான வேலை பாக்குறாரு?" என்றார்.

"அவர் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. சொல்ல மாட்டார்."

என்னை நெடுநேரம் பார்த்தார். "சொல்லிருக்க மாட்டாரு. நான்தான் என்னைக்கோ மதில்கிட்ட நின்னு கூப்பிட்டிருப்பேன். வயசாச்சுல்ல, மறந்திருப்பேன்."

கதவை முழுதாகத் திறந்தார். "உள்ள வா. அந்த நம்பரச் சொல்லு. அவனுக்குப் பதிலாக் கையெழுத்துப் போட என்னைத் தவிர யாரு இருக்கா?"

அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 'என் தம்பி' என்ற சொல்லை அவர் இரண்டு முறை தொடங்கித்தான் சொல்ல முடிந்தது.

பிப்ரவரி 22

நாளைக் காலையில் லாரி வருகிறது, டாக்டரோடு. நான்கையும் ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கூரை உண்டு, வைக்கோல் உண்டு, குளம்பு வெட்ட ஆள் உண்டு. மத்தியானம் நோரீனும் நானும் பெஸ்ஸியின் மேல் பழைய கம்பளி ஒன்றைப் போர்த்தினோம். அவரே மதிலின் உடைந்த பகுதி வழியாக வயலுக்குள் இறங்கினார். பெஸ்ஸி வாளியில் வாய் வைத்துக் கொஞ்சம் குடித்தது. எழுந்துவிடும் என்று தோன்றுகிறது. தோன்றுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இவர் கேட்டார். நாளைக்குக் காய்ந்த வைக்கோலில் படுக்கும் என்றேன். "சொல்லுதேன்" என்றார். யாரிடம் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 23

நடந்தது இது.

காலையில் வர வேண்டிய லாரி மதியம் தாண்டித்தான் வந்தது. டாக்டர் சேற்றில் மண்டியிட்டு, பெஸ்ஸியின் வயிற்றைத் தொட்டு, ஈறைப் பார்த்து, குளம்பை விரலால் அழுத்தினார். இரத்தத்தில் ஏறிய கொழுப்பு, கால், ஈரல் என்று வரிசையாகச் சொன்னார். பட்டினியா வயதா என்று கேட்டேன். "ரெண்டும்தான். இனி பிரிச்சு என்ன ஆகப்போகுது?" என்றார். தூக்கி ஏற்ற முடியாது, ஏற்றினாலும் வழியிலேயே போய்விடும். ஊசி போட்டு முடித்துவிடலாமா என்று நோரீனிடம் கேட்டார். நோரீன் கையெழுத்துப் போட்டார், அம்மாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஊசி போட்டதும் சீக்கிரம் முடிந்துவிட்டது.

"சின்னத அது பக்கத்துல விடுங்க" என்றார் டாக்டர். "செத்ததத் தெரிஞ்சுக்கணும். இல்லன்னா தேடித்தேடித் தீனி எடுக்காது."

அது வந்து முகர்ந்தது. பிடரிமயிரைப் பல்லால் பிடித்து இழுத்தது, எழுப்புகிற மாதிரி. கொஞ்சம் விலகிப் போய் நின்று, திரும்பி வந்து மறுபடி இழுத்தது. நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். குதிரைகள் இரண்டும் லாரிக்குள் ஏறி உதைத்துக்கொண்டிருந்தன. லாரிக்காரருக்கு இன்னும் ஓர் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. மணியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். கடைசியில் கயிறு போட்டார். அது வர மறுத்துக் கால்களை ஊன்றியது. நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். நானும் தள்ளினேன். முடிக்கடியில் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தெரிந்தது. கதவு மூடியபின் அது கத்தியது. லாரி முடுக்குத் திரும்பும்வரை கேட்டது.

நோரீன் சேறு பட்ட கோட்டோடு என்னைப் பார்த்தார். "அங்க போகணும். தனியாப் போக மாட்டேன். நீயும் வா."

அவர் கார் ஓட்டினார்.

இல்லத்துக்குள் நான் போனது இதுதான் முதல் தடவை. ஜன்னலோர நாற்காலியில் மெலிந்த, பெரிய கைகள் உள்ள ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். இவர் தரையில் மண்டியிட்டு அவருடைய காலுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதில்லை. எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார்.

மேட்டி நோரீனை யாரோ வேற்றாளைப்போல் பார்த்துவிட்டு, இவர் தோளைத் தட்டினார். "இன்னிக்கு என்ன செஞ்சுதுங்க, சிங்?"

இவர் பெயர் தனசிங். அங்கே சிங் என்கிறார்கள் போலிருக்கிறது. இவர் என்னைப் பார்த்தார். நான் நோரீனைப் பார்த்தேன்.

"பெஸ்ஸி போயிட்டா, மேட்டி" என்றார் நோரீன்.

மேட்டியின் தலை மெல்லத் திரும்பியது. யார் பேசுவது என்று தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னது அவருக்குப் புரிந்தது.

"சின்னது?"

"லாரில ஏத்தியாச்சு. நல்ல இடத்துக்குத்தான்."

"அவ பக்கத்துல நிக்க விட்டீங்களா?"

"விட்டோம்."

"எவ்வளவு நேரம்?"

நோரீன் என்னைப் பார்த்தார். பிறகு தன் கோட்டுப் பொத்தானைப் பார்த்தார். "லாரிக்காரன் அவசரப்படுத்தினான், மேட்டி."

"பத்தாது" என்றார் மேட்டி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மறுபடி சொன்னார். "அது பத்தாது."

நோரீன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இவர் இன்னொரு செருப்பைக் கையில் எடுத்து, காலைத் தூக்கச் சொன்னார். மேட்டி தூக்கினார்.